பர்லியாற்று மங்குஸ்தான்

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாற்றைக் கடந்து குன்னூரை நோக்கி ஏறும் மலைச்சாலையில், சமவெளியின் வெப்பம் தணிந்தும் நீலகிரியின் குளிர் இன்னும் தொடங்காமலும் இருக்கிற பர்லியாற்றில், ஆடி மாதத்துச் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் பழங்கள் குவிந்திருக்கும். மலேயா பிரதேசத்துக்குரிய இந்தப் பழம் நம் மலைச்சரிவில் குடியேறிய சரித்திரம் சர்க்கார் தோட்டங்களோடு ஆரம்பமாகிறது. ஆனால் அவற்றோடு முடிந்துவிடவில்லை.

சென்ற நூற்றாண்டுகளில் ஐரோப்பியருக்கு இதன்மேல் இருந்த மோகம் அபாரமானது. இங்கிலாந்தில் ஸையன் மாளிகையின் கண்ணாடிக் கூடத்துக்குள், செயற்கை வெப்பம் ஊட்டி வளர்த்த மரத்தில் 1855-ஆம் ஆண்டு பழம் பழுத்ததை அக்காலத்தார் ஓர் அதிசயமாகக் கொண்டாடினார்கள். அத்தகைய பிரயாசை எதுவும் இல்லாமலே உஷ்ணமும் ஈரமும் இயற்கையாக அமைந்த நம் மலைச்சரிவில், 1871-இல் பர்லியாற்றிலும் 1900-இல் கல்லாற்றிலும் ஆங்கில அரசாங்கத்தின் தோட்டங்கள் தோன்றின. மங்குஸ்தானும் துரியனும் ஜாதிக்காயும் அங்கே வேரூன்றின.

மரத்தைக் கொண்டுவருவது அரசாங்கத்தால் இயன்றது. அதைச் சுற்றுப்புறமெங்கும் நிலைக்கச் செய்தவர்கள் சிறு தோட்டக்காரர்களே. மங்குஸ்தானின் சுபாவம் அப்படிப்பட்டது. மகரந்தச் சேர்க்கையின்றியே உண்டாகும் இதன் விதை, உலர்ந்துவிட்டால் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். முளைத்த கன்றோ நிழலின்றித் தழைக்காது. தழைத்த பிறகும் முதற்காயைக் காண எட்டுப் பத்து வருஷங்கள் காத்திருக்க வேண்டும். காப்பி, மிளகு, பாக்கு, பலா என்று பலவற்றையும் ஒரே சரிவில் கலந்து வளர்க்கும் குடியானவர்கள், தமக்கு இல்லாவிட்டாலும் தம் மக்களுக்காவது பயன்படட்டும் என்ற சிந்தனையோடு இவற்றின் இடையே நட்டு வைத்ததனால்தான் இப்பழம் சாலைக்கு வருகிறது. பறிப்பதிலும் அவசரம் ஆகாது. கீழே விழுந்து அடிபட்ட பழத்தின் தோல் இறுகிவிடுமாதலால், மழையில் வழுக்கும் கிளைகளில் ஏறி ஒவ்வொன்றாகக் கொய்ய வேண்டும்.

பிள்ளைப்பேறு அளிக்கும் என்ற நம்பிக்கையினால் துரியனைத் தேடி வருவோர் பலர். ருசி ஒன்றையே கருதினால், இனிப்பும் இளம்புளிப்பும் இசைந்து வாயிலேயே கரைந்துபோகும் மங்குஸ்தானின் வெண்சுளைக்கே முதலிடம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். பழத்தின் அடியில் மலர்போல் பதிந்துள்ள முத்திரையில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை இருக்கும். அதை எண்ணிப் பார்த்து, விரலால் அழுத்தினால் சற்றே நெகிழும் பழமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

அவ்வழியே பிரயாணம் செய்யும் அன்பர்கள் பர்லியாற்றில் சிறிது இறங்கி, தோட்டக்காரர்களிடமே, பேரம் பேசி விலையைக் குறைக்காமல் வாங்கிச் செல்லுமாறு வேண்டுகிறேன்.