எடின்பரோ உரையும் நெல்லை மாணவர் ஊழியமும்: அசரியாவை மறுபடி வாசித்தல்

கல்லூரி மாணவர்கள் உடன் படிப்போரிடையே செய்த கிறிஸ்தவ ஊழியம், தென்னிந்தியத் திருச்சபை வரலாறுகளில் பெரும்பாலும் அமெரிக்க இறக்குமதியாகவே இடம்பெறுகிறது. 1896இல் அமெரிக்க ஊழியர் ஷெர்வுட் எடி இந்தியா வந்தார், மாணவர் இயக்கம் வேர்விட்டது, வெள்ளாளன்விளை குருவின் மகன் வேதநாயகம் சாமுவேல் அசரியா அதில் உருவானார் என்பது இவ்வரலாறுகளின் சுருக்கம். 1910ஆம் ஆண்டு எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரையோ தனிப்பெட்டியில் வைக்கப்படுகிறது: வெள்ளையரின் இனப்பெருமிதத்துக்கு எதிரான முறையீடு என்பது அதற்கு ஒட்டப்பட்ட சீட்டு. உரையை மாணவர் ஊழியத்தோடு சேர்த்து வாசித்தால் இவ்விரு முடிவுகளும் தளர்கின்றன.

காலவரிசையே முதல் இடறல். அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலராகப் பணியேற்றது 1895இல். எடி கப்பலிறங்கியது அதற்கு மறு ஆண்டு. ஒய்.எம்.சி.ஏ.வும் மேல்நாட்டிலிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். அமைப்பு எங்கிருந்தும் வரலாம். பழக்கம் எங்கே படிந்தது என்பதே இங்கு கேள்வி. மாணவப் பருவத்திலேயே தோழர்களோடு சேர்ந்து, கிறிஸ்தவ மாணவரிடையே இருந்த சாதிப் பிரிவினையை உடைக்க ஒரு சகோதர சங்கத்தை அசரியா தொடங்கியிருந்தார். நாடார், வேளாளர் பிரிவினை ஞானஸ்நானத்தோடு கரைந்துவிடாத காலம் அது. பந்தியில் தள்ளி உட்காரும் இருவர், வகுப்பிலுள்ள இந்து மாணவனிடம் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டால் அவன் சிரிக்கத்தான் செய்வான். சங்கம் கிறிஸ்தவருக்குள் மட்டுமே இயங்கியது, ஆகவே அது நற்செய்தி ஊழியம் ஆகாது என்ற ஆட்சேபணை இதைக் கவனிக்கத் தவறுகிறது.

இனி உரைக்கு வரலாம். ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் கூடிய மாநாட்டில் ஆசியத் திருச்சபைகளின் குரலாக வந்தவர்கள் மிகச் சிலரே. அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு அசரியாவுக்குத் தரப்பட்ட பொருள். நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் கேட்டு முடித்தது பலராலும் எடுத்தாளப்படுகிறது. அதனாலேயே நடுப்பகுதி மறைந்துபோயிற்று. அங்கே இரண்டு செய்திகள் உள்ளன.

ஒன்று, கூலி. மிஷனெரி சம்பளம் அளக்கும் எஜமான், இந்திய ஊழியர் அவருடைய வேலைக்காரர். இந்த உறவு நீடிக்கும்வரை சுயமரியாதை வளராது என்று அசரியா சொன்னார். உபதேசியார்களின் மாதச் சம்பளத்தைச் சுற்றியே மிஷன் நிர்வாகம் நடந்த திருநெல்வேலியைச் சேர்ந்தவர், பார்த்ததைப் பேசினார். இதன் எதிர்நிலையும் அவருக்குப் பழக்கமானதே. விடுதி அறையில் வேதம் வாசித்த மாணவர்களுக்குள் ஒருவருக்கொருவர் படியளப்பவர் இல்லை. சொல்பவனும் கேட்பவனும் ஒரே பரீட்சைக்குப் படிப்பவர்கள். செயலர் என்ற முறையில் அசரியாவும் சம்பளக்காரர்தான். ஆனால் அவரிடம் பேச வந்த மாணவனின் பிழைப்பு அவர் கையில் இல்லை.

மற்றொன்று, சர்ச்சைக்குரிய வாக்கியம். வீடு தேடி வருவது, கைகுலுக்குவது, நாற்காலி தருவது, விருந்து, தேநீர் ஆகியவற்றை அவற்றுக்காகவே தாம் கேட்கவில்லை என்றும், நட்பின் வெளிப்பாடாக வருமானால் அவை எல்லாமும் அதற்கு மேலும் வேண்டும் என்றும் அசரியா கூறுகிறார். சபையின் கோபத்தைத் தணிக்கச் சேர்த்த மெழுகுப்பூச்சு என்று இதை ஒதுக்குவது வழக்கம். தணிக்க நினைத்தவர் 'அதற்கு மேலும்' என்று கேட்டிருக்க மாட்டார். சகோதர சங்கத்தின் அளவுகோலே இங்கு மிஷனெரி பங்களாவுக்கு நீட்டப்படுகிறது எனக் கொள்வதே பொருத்தம்: சேர்ந்து உண்பது மரியாதைச் சடங்கல்ல, உறவு மெய்யா என்று காட்டும் சோதனை. அப்படியானால் குற்றச்சாட்டு வெள்ளையர்மேல் மட்டும் விழவில்லை. தம் ஊர்ச் சபைகளிடம் முன்பே கேட்ட கேள்வியைத்தான் அவர் எடின்பரோவில் திரும்பக் கேட்டார். இனப்பாகுபாட்டு வாசிப்பு பொய்யல்ல, பாதி வாசிப்பு. அசரியா தம் மாணவ நாட்களை உரையில் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை என்பதால் இதை நிறுவப்பட்ட முடிவாகக் கூற முடியாது. சான்றுகள் சாயும் பக்கம் இதுவே.

இடைப்பட்ட நிகழ்ச்சிகளும் இவ்வாசிப்போடு இசைகின்றன. 1902இல் யாழ்ப்பாணம் சென்ற அசரியா, அங்குள்ள தமிழ்ச் சபையார் தாமே மிஷன் பணி நடத்துவதைக் கண்டார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவை. படியளக்கும் துரை இல்லை. அச்சங்கத்தின் தெலுங்குப் பணித்தளமே தோர்ணக்கல். அசரியா 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டு அங்கு சென்றார். 1912 டிசம்பர் 29 அன்று அதன் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

தோர்ணக்கலில் மனம் திரும்பியோர் பெரும்பாலும் எழுத்தறியாத மாலா, மாதிகா மக்கள். பட்டண விடுதி மாணவர்களின் முறை அவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பதில் நியாயமுண்டு. படித்த பேராயருக்கும் அவர்களுக்கும் இடையே சமநிலை இருக்கவில்லை. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் தம் தலையில் தாமே கைவைத்து, நற்செய்தியைச் சொல்லாவிட்டால் தமக்குக் கேடு என்று உறுதி கூறச் செய்தார் அசரியா. சம்பள உபதேசியாரை மட்டும் நம்பாமல், தெருவில் உடன் வாழ்பவனே தன் சொந்தக்காரனிடம் சொல்லும் பொறுப்பை அங்கு அவர் ஒவ்வொருவர் தலையிலும் ஏற்றினார்.