பறவையின் முகம்: கொழும்பில் பெரும்பறவை உருவப்படக் கலையின் வளர்ச்சி

ஒரு நாட்டின் பறவைகளைப் பற்றிய அறிவு, அறிஞர் எழுதிவைத்த சொற்களால் மட்டுமன்றி, கலைஞர் தீட்டியும் பிடித்தும் வைத்த உருவங்களாலும் வளர்ந்து வருவதாகும். இலங்கையில் இவ்வளர்ச்சியின் வெவ்வேறு படிகளைக் கொழும்பின் குறுகிய நிலப்பரப்புக்குள்ளேயே காணலாம். 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை நகரின் நடுவே உள்ளது. கல்கிசையை அடுத்த தெஹிவளையில் மிருகக்காட்சிச்சாலை அமைந்துள்ளது. கல்கிசைக்குக் கிழக்கே பெல்லன்வில - அத்திடியச் சதுப்புநிலம் பரந்து கிடக்கின்றது. பாடஞ்செய்யப்பட்ட பறவை, கூட்டில் வாழும் பறவை, தன் இயல்பில் திரியும் பறவை என்னும் மூன்றையும் முறையே இம்மூன்று இடங்களிலும் காணலாம். பெரும்பறவைகளை அணுக்கமாக நோக்கி உருவப்படம் ஆக்கும் கலை இம்மூன்றையும் சார்ந்து எவ்வாறு வளர்ந்தது என்பதும், அப்படத்தைத் திருத்தும் உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

பெரும்பறவைகளின் உருவப்படத்துக்கென ஒரு தனிச்சிக்கல் உண்டு. சிறு பறவைகளை இனங்காண இறகின் நிறமே பெரும்பாலும் போதியதாகும். நாரை, கூழைக்கடா முதலியவற்றிலோ இறகு மூடாத பகுதிகளே சிறப்பான அடையாளங்களைத் தாங்கி நிற்கின்றன. அலகு, கண்ணைச் சூழ்ந்த தோல், தொண்டைப்பை, கால் என்பன அவை. பறவை இறந்ததும் இறகின் நிறம் நெடுங்காலம் நிலைக்கும். வெற்றுத்தோலின் நிறமோ விரைவில் மங்கிவிடும். கண்ணின் நிறம் முற்றாகவே அழிந்துவிடும். எனவே நூதனசாலைப் பேழையில் உடல் எஞ்சினும் முகம் எஞ்சுவதில்லை. வறுமையுற்ற சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூதுவிட்டுப் பாடியபோது, அதன் காலின் செம்மையையும் அலகின் வடிவையும் நிறத்தையுமே எடுத்து விதந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. உயிருள்ள பறவையை அருகிருந்து கண்டவரின் பார்வை அது.

இலங்கைப் பறவைகளைப் பற்றிய முதற் பெருநூல், பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த வின்சென்ற் லெக் என்பாரால் எழுதப்பெற்று 1878 முதல் 1880 வரை இலண்டனில் வெளிவந்தது. அதன் வண்ணப்படங்களை வரைந்தவர் ஒல்லாந்த ஓவியரான கியூலெமன்ஸ். அவர் இலங்கையில் அப்பறவைகளை நேரிற் கண்டு தீட்டினாரல்லர். இலண்டனிலிருந்து, பாடஞ்செய்த தோல்களை முன்வைத்தே வரைந்தார். தோல் இழந்துவிட்ட நிறத்தை அவருக்கு ஈடுசெய்யக்கூடியது களக்குறிப்பு ஒன்றே. லெக் தம் நூலில் கண், அலகு, கால் என்பவற்றின் நிறங்களைத் தனித்தனியே குறித்திருப்பதன் பெறுமதி இதனாற் புலப்படும். ஓவியம் உண்மையாக அமைவதற்குக் களத்தில் நின்றவன் எழுதிய சில வரிகளே பிணையாக நின்றன.

அடுத்த தலைமுறையில் இவ்விடைவெளி குறுகிற்று. கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, இந்நாட்டிலேயே பிறந்து இங்குள்ள பறவைகளை வாழிடங்களிற் கண்டு பழகியவர். வெயிற் என்பாரின் உரையுடன் 1927க்கும் 1935க்கும் இடையில் வெளிவந்த வண்ணப்படத் தொகுதிகளும், 1955இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் பற்றிய அவரது கையேடும் இரு தகுதிகளின் விளைவாகும். பேழையிலுள்ள தோலை அளந்து சரிபார்க்கும் வாய்ப்பும், உயிருள்ள பறவையின் நிலையையும் நோக்கையும் அறிந்த அனுபவமும் ஒருவரிடத்தே அமைந்திருந்தன.

இனி ஒளிப்படத்தின் பங்கினை நோக்குவோம். மனித முகத்தைச் சட்டம் நிறைய அணுகிப் பிடிக்கும் முறையில் உலகப்புகழ் பெற்ற ஜூலியா மாகிறற் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, இத்தீவின் எளிய மக்கள் சிலரைப் படம்பிடித்து, 1879இல் இங்கேயே மறைந்தார். ஆயின் அணுக்க உருவப்படம் பறவைக்கு வந்து சேரப் பின்னும் காலம் சென்றது. மனிதன் அசையாதிருக்க இணங்குவான், பறவை இணங்காது. அன்றியும் அக்காலத்துத் தட்டுகள் நீல ஒளிக்கே கூடுதலாக இணங்கின. சிவப்பு அவற்றிற் கருமையாகவே பதிந்தது. நாரையின் செங்காலும் செம்முகமும் அவற்றில் இருண்டு போயின. இங்கிலாந்தில் லொட்ஜும் கேர்ட்டன் சகோதரரும் 1890களில் காட்டுப்பறவைகளையும் கூடுகளையும் படம்பிடித்து வழிகாட்டினர். 1935இல் கொடாக்குறோம் வண்ணச்சுருள் வெளிவந்த பின்னரே நிறத்தையும் ஒளிப்படத்தில் நம்பிப் பதிக்கும் நிலை தோன்றியது.

ஏறத்தாழ அதே காலத்தில் தெஹிவளையில் புதியதொரு வாய்ப்புப் பிறந்தது. ஜெர்மானிய விலங்கு வணிகரான ஜோன் ஹாகன்பெக் அங்கு நிறுவிய விலங்குச்சாலை 1936இல் அரசின் உடைமையாயிற்று. காட்டில் நூறு முழத்துக்கப்பால் பறந்துவிடும் பறவையின் கண்ணிமையைக் கூட இங்கு சாதாரண கருவியுடன் அணுகலாம். எனினும் அணுக்கம் வேறு இடர்களைத் தரும். அண்மையிற் குவியம் செய்யுந்தோறும் தெளிவின் ஆழம் குறையும். கூழைக்கடாவின் கண்ணிற் குவியம் வைத்தால் நீண்ட அலகின் நுனி மங்கும். அதனாற் கண்ணும் அலகும் ஒரே தளத்தில் அமையும் பக்கத்தோற்றத்தையே பலர் விரும்புவர். வெண்ணிறகு ஒளி மிகுந்தால் வெறுந்தாளாகிவிடுமாதலால் ஒளியைச் சற்றுக் குறைத்தே பதித்தல் வேண்டும். கருவி பறவையின் கண்மட்டத்தில் இருத்தல் நன்று. வில்லையைக் கம்பிவலையை ஒட்டி வைத்து அதன் துவாரத்தை அகலத் திறந்தால் வலை படத்தில் மறைந்துபோகும்.

தமிழரிடையே இத்துறையிற் சிறந்தவர் மா. கிருஷ்ணன் (1912 - 1996) ஆவார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான இவர், பல பகுதிகளைத் தாமே பொருத்தி அமைத்த பாரிய கருவிக்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என வேடிக்கையாகப் பெயரிட்டுக் காட்டுயிர்களைப் பிடித்தார். வண்ணத்தை விடுத்துக் கறுப்பு வெள்ளையையே அவர் போற்றியமை குறிப்பிடத்தக்கது. நிறத்தைச் சொல்லாத படம் நிறத்தைப் பற்றிப் பொய்யும் சொல்லாது.

படத்தைத் திருத்துதல் கணினியுடன் தோன்றியதன்று. இருட்டறையில் ஒளியைக் கையால் மறைத்து ஓரிடத்தை வெளிறச் செய்வதும், கூடுதல் ஒளி காட்டி இன்னோரிடத்தைக் கறுக்கச் செய்வதும், வேண்டாத ஓரத்தை நீக்குவதும் பழைய வழக்கங்களே. கொழும்பிலே லயனல் வென்ற் (1900 - 1944) இருட்டறையைக் கலைக்கூடமாகவே ஆக்கினார். படங்களை இணைத்தும், ஒளியைத் தலைகீழாக்கியும் அவர் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. அவை தம்மைக் கற்பனை என்றே காட்டி நின்றன. ஆதலின் எவரும் ஏமாறவில்லை. சான்றெனத் தன்னைக் காட்டிக்கொண்டு கற்பனையாக மாறும் படமே இடர் விளைப்பதாகும்.

1990இல் ‘ஃபோட்டோஷொப்’ செயலி வெளிவந்தபின் இவ்விடர் பன்மடங்காயிற்று. கூழைக்கடாவின் மேலலகில் வரிசையாக அமைந்த கரும்புள்ளிகள் வளர்ந்த பறவையின் அடையாளம். இளம்பறவையில் அவை இரா. முகப்பருவை நீக்கும் கருவியால் அப்புள்ளிகளை அழகுக்காகத் துடைப்பவர், முதிர்ந்த பறவையை இளம்பறவையாக்கிவிடுகிறார். கருங்கழுத்து நாரையில் ஆணின் கண் கபிலநிறம், பெண்ணின் கண் மஞ்சள். இரண்டையும் வேறுபடுத்தும் தெளிவான அடையாளம் அதுவே. கண்ணுக்கு மெருகேற்ற விரும்பி அதன் நிறத்தை மாற்றுபவர் பறவையின் பாலையே மாற்றுகிறார். மஞ்சள் மூக்கு நாரையின் முகத்தோல் இனப்பெருக்கக் காலத்திற் செம்மை மிகும். நிறச்செறிவைக் கூட்டுபவர் பருவத்தையே பிழையாகச் சொல்லிவிடுகிறார். ஒளி, மாறுபாடு, ஓரம் என்பவற்றைச் சீர்செய்தல் ஒருவகை. அலகையும் கண்ணையும் தோலையும் தொடுதல் முற்றிலும் வேறுவகை.

இடத்தை மறைத்தலும் இத்தகையதே. வலையை மறைக்கும் நுட்பம் குற்றமன்று. ஆனால் கூட்டுப் பறவையைக் காட்டுப் பறவையெனக் கூறுதல் குற்றமாகும். இலண்டனில் நடைபெறும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டுக்கான முதற்பரிசு, படத்திலிருந்த ஓநாய் பழக்கப்பட்டது என நடுவர்கள் முடிவுசெய்தமையால் 2010இல் மீளப்பெறப்பட்டது. தெஹிவளையில் எடுத்த நாரையின் படமும், 1990இல் சரணாலயமாக்கப்பட்ட அத்திடியச் சதுப்பில் எடுத்த நாரையின் படமும் அழகில் ஒத்திருக்கலாம். முன்னது பறவையின் முகத்துக்கு மட்டுமே சான்று. பின்னது அந்நிலம் இன்னும் அப்பறவையைத் தாங்குகின்றது என்பதற்கும் சான்று. நகரம் நெருக்கிவரும் சதுப்பொன்றின் எதிர்காலம் பேசப்படுமிடத்து இவ்வேறுபாடு சிறியதன்று.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகின்றது. தோலிலிருந்து தூரிகைக்கும், தூரிகையிலிருந்து வில்லைக்கும், வில்லையிலிருந்து கணினிக்கும் கருவிகள் மாறியுள்ளன, கடமை மாறவில்லை. கியூலெமன்ஸ் காணாத நிறத்தை லெக்கின் குறிப்பே காத்தது. இன்று ஒருவர் தம் படத்தின் திருத்தப்படாத மூலக் கோப்பையும், பிடித்த இடம், நாள், பறவை கூட்டிலிருந்ததா வெளியிலிருந்ததா என்னும் குறிப்பையும் பேணுவாராயின் அதே பணியையே செய்தவராவார். அத்தகைய குறிப்புடன் கூடிய ஓர் உருவப்படம், நூதனசாலைப் பேழை காக்கவியலாத பறவையின் முகத்தை வருங்காலத்தவர்க்கு வழங்கும்.