போதிதர்மரும் ஷாவ்லினும்: ஒரு வீரக் கதையின் வயது

2011 தீபாவளிக்கு வெளிவந்த ‘7ஆம் அறிவு’, போதிதர்மரைத் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த பெயராக்கியது. ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் சூர்யா நடித்த அந்தப் படத்தில், காஞ்சியின் பல்லவ இளவரசர் ஒருவர் சீனா செல்கிறார், கொள்ளைநோயை விரட்டுகிறார், அங்குள்ள மக்களுக்குச் சண்டைக் கலை கற்றுத் தருகிறார். திரைக்கதை என்ற அளவில் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இன்று திருவள்ளூர் முதல் திருநெல்வேலி வரை சிலம்பமும் கராத்தேயும் பயிலும் பிள்ளைகளிடம் கேட்டால், ஷாவ்லின் குங்பூவைத் தோற்றுவித்தவர் தமிழ் இளவரசர் என்று வரலாற்றுப் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்கிறார்கள். இந்தக் கூற்றில் மூன்று தனித்தனிச் செய்திகள் ஒட்டியிருக்கின்றன: அவர் தென்னிந்தியர், அவர் பல்லவ இளவரசர், அவர் சண்டைக் கலையின் ஆசான். மூன்றுக்கும் சான்று ஒரே எடை உடையதல்ல. மூன்றாவது செய்தி, போதிதர்மர் வாழ்ந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகே ஏடேறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புகழுரையிலிருந்து செய்தியைப் பிரித்தெடுப்பது தமிழ்நாட்டு வரலாற்றாய்வுக்குப் புதிய வேலை அல்ல. திருவள்ளூர் மாவட்டத் திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த செப்பேடுகளையே எடுத்துக்கொள்ளலாம். முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டு ஆணையைச் சொல்லும் அந்த 31 ஏடுகளின் வடமொழிப் பகுதி, சோழர் குலத்தைச் சூரியனில் தொடங்கிச் சிபி முதலிய புராண மன்னர் வழியே இறக்கிக்கொண்டு வருகிறது. தமிழ்ப் பகுதியோ பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்ததையும், பிடி யானை சுற்றி வந்து எல்லை வகுத்ததையும், அந்த எல்லைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. ஆணை ஆறாம் ஆண்டுக்குரியது. வடமொழிப் பகுதியோ அதற்குச் சில ஆண்டுகள் பிந்திய கடார வெற்றியைப் பாடுகிறது. எனவே அப்பகுதி பின்னர் இயற்றிச் சேர்க்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினர். சிபியின் கதையை நம்பாததால் பழையனூர்க் கொடையை யாரும் ஐயுறவில்லை. எந்த வரி எப்போது, யார் பொருட்டு எழுதப்பட்டது என்று மட்டும் கேட்டார்கள். சீனச் சான்றுகளிடமும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

அவற்றுள் மிகப் பழையது, லோயாங் நகரத்துப் பௌத்தக் கோயில்களைப் பற்றி யாங் ஷுவான்ஜி 547 வாக்கில் எழுதிய நூல். போதிதர்மர் அதில் ஒரே ஒரு காட்சியில் வந்து போகிறார். 516இல் எழுந்து 534இல் தீக்கிரையான யோங்னிங் கோயிலின் மாபெரும் கோபுரத்தின் முன் அவர் நிற்கிறார். உச்சியில் பொன் தட்டுகள் வெயிலில் மின்னுகின்றன. காற்றில் மணிகள் ஒலிக்கின்றன. தமக்கு 150 வயது என்றும், இத்தனை நாடு சுற்றியும் இப்படியொன்றைக் கண்டதில்லை என்றும் சொல்லி, கைகூப்பியபடி நாள்கணக்கில் நாமம் செபிக்கிறார். அவர் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது அந்நூல். சண்டை இல்லை, சீடர் இல்லை, ஷாவ்லினும் இல்லை.

தென்னிந்தியத் தொடர்பு அடுத்த சான்றில் வருகிறது. போதிதர்மரின் போதனையாகக் கருதப்படும் சிறு நூலுக்கு அதே நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின் எழுதிய முன்னுரை, அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. 645இல் முதல் வடிவம் பெற்ற தாவ்ஷுவானின் துறவியர் வரலாறு, அவரைத் தென்னிந்தியப் பிராமணக் குலத்தவர் என்கிறது. ஆக, பாரசீகமா தென்னிந்தியாவா என்பதில் தொடக்கச் சான்றுகளே முரண்படுகின்றன. தென்னிந்தியப் பக்கம் தட்டு தாழ்கிறது என்று கொள்ள இடமுண்டு. சீடர் மரபுக்கு நெருக்கமாக நின்று பேசும் சான்று தான்லினுடையது.

தாவ்ஷுவானின் நூலில் கதை வளரும் விதத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க ஓர் இடம் இருக்கிறது. போதிதர்மரின் சீடர் ஹுயிகே ஒரு கையை இழந்தவர். கொள்ளையர் அதை வெட்டினர், அவர் வெட்டுவாயைத் தீயால் சுட்டுக் குருதியை நிறுத்தி, துணியால் சுற்றிக்கொண்டு, வழக்கம்போலப் பிச்சைக்குப் போனார் என்று தாவ்ஷுவான் எழுதுகிறார். நடந்திருக்கக்கூடியது, போதிய அளவு வியப்பானதும்கூட. எட்டாம் நூற்றாண்டு நூல்களுக்கு வரும்போது, குருவிடம் தம் உறுதியைக் காட்ட ஹுயிகே தம் கையைத் தாமே வெட்டிக்கொள்கிறார். கொள்ளையர் மறைந்தனர், பக்தி நுழைந்தது. இன்று உலகெங்கும் ஓவியங்களில் காணப்படுவது இந்த இரண்டாம் கைதான்.

காஞ்சிக்கு வருவோம். போதிதர்மர் பிறந்த நாட்டுக்கு ‘ஷியாங்ஜி’ என்று பெயர் தரும் புகழ்பெற்ற நூல் 1004இல் தொகுக்கப்பட்டது. அவர் காலத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு பிந்தியது. அந்தப் பெயர் காஞ்சியைக் குறிக்கலாம் என்பது இக்கால ஊகம். ஊகம் தவறென்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் அதன் மேல் ‘பல்லவர்’ என்ற மாடியைக் கட்டச் சான்று போதாது. பல்லவர் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் சீனா சென்ற இளவரசர் எவரும் இல்லை. செப்பேடுகள் பட்டத்துக்கு வந்தவர்களையே பெரிதும் பேசுபவை என்பதால் இந்த மௌனம் மறுப்பாகாது. ஆதாரமாகவும் ஆகாது.

இனிச் சண்டை. ஷாவ்லின் மடம் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், சீனர் பாத்துவோ என்றழைத்த வேறோர் இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. அங்குள்ள துறவிகள் போரிட்டார்கள் என்பது உண்மை. 621இல், பின்னாளில் தாய்சோங் பேரரசரான லீ ஷிமினுக்கு ஆதரவாக அவர்கள் களமிறங்கினர். நிலமும் நீராலையும் பரிசாகப் பெற்றனர். 728ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 13 துறவிகளின் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் எந்தக் கலையை, யாரிடம் கற்றார்கள் என்று அக்கல் சொல்லவில்லை. மடத்தின் பெயரை நாடறியச் செய்த கோல்வித்தை மிங் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் ஓங்கியது. அக்கோலுக்கு மூலவராக மடத்தார் வணங்கியவர் கின்னர அரசர் என்னும் தெய்வம். கொள்ளையர் சூழ்ந்தபோது மடைப்பள்ளி ஏவலராக இருந்தவர் கோலேந்தி எழுந்தார் என்னும் அக்கதையை 1517ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் ஷாவ்லினில் பயின்று, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்முறை நூல் எழுதிய செங் சோங்யோவும் அந்தத் தெய்வத்தையே மூலவர் என்கிறார். அன்றுவரை ஷாவ்லின் வீரர்களே தங்கள் கலையைப் போதிதர்மரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இந்த விவாதத்தில் இதைவிட வலுவான சான்று இல்லை.

போதிதர்மரை உடற்பயிற்சியோடு இணைத்தது ‘யீஜின் ஜிங்’ என்னும் தசைநார் உரமேற்றும் நூல். அது 1624இல் எழுந்தது என்பது மெயிர் ஷஹார் முதலிய ஆய்வாளர்களின் கணிப்பு. தாங் காலத் தளபதி லீ ஜிங் 628இல் எழுதியதாக அதற்கொரு முன்னுரை உண்டு. நூல் தம் கைக்கு எப்படி வந்தது என்று விளக்கும்போது, அதைத் தந்தவராக அடர்தாடி வீரர் ஒருவரை அவர் காட்டுகிறார். அந்த வீரரோ தாங் காலப் பிற்பகுதிக் கதை ஒன்றின் கற்பனைப் பாத்திரம்! முன்னுரை எழுதியவர் 628இல் வாழ்ந்திருக்க வழியே இல்லை. சிங் காலப் புலவர் லிங் திங்கான் இதைப் போலி என்று அன்றே இகழ்ந்தார். சண்டைக் கலை வரலாற்றாய்வாளர் தாங் ஹாவ், 1930இல் வெளிவந்த ஷாவ்லின்–வூதாங் ஆராய்ச்சியில் போதிதர்மர் கதையை முறையாக மறுத்தார். மறுப்பு ஏடுகளில் தங்கிவிட்டது; நாவல்களும் பயிற்சிக் கையேடுகளும் திரைப்படங்களும் கதையை உலகம் சுற்ற வைத்தன.

வாய்மொழி மரபை இப்படி ஒதுக்கலாமா என்று ஆசான்கள் கேட்பது நியாயமே. வர்மமும் களரியும் பெரும்பாலும் ஏட்டை விடக் கையிலும் காலிலும் வாழ்ந்தவை. ஆனால் இங்கே வாய்மொழி மரபே தமிழ்நாட்டுக்குரியது அல்ல. சீனாவில் 17ஆம் நூற்றாண்டில் பிறந்த கதை, 20ஆம் நூற்றாண்டு அச்சு வழியே இங்கு வந்து சேர்ந்தது.

அருஞ்செயல்களைச் சோதிப்பதால் வீரர் எவரும் சிறுமைப்படுவதில்லை என்பதற்குக் காமா பயில்வான் நல்ல எடுத்துக்காட்டு. பரோடா அருங்காட்சியகத்தில் உள்ள சுமார் 1,200 கிலோ கல்லை அவர் 1902இல் தூக்கினார் என்பர். 2020இல் ஐஸ்லாந்தின் பியோர்ன்சன் தரையிலிருந்து தூக்கிச் சாதனை படைத்த எடை 501 கிலோ. கல்லை நகர்த்தியிருக்கலாம், ஒரு முனையை உயர்த்தியிருக்கலாம். முழுதாகத் தூக்கினார் என்பதை ஏற்க முடியாது. அதே காமா 1910 செப்டம்பரில் லண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவை இரண்டரை மணி நேரம் தரையோடு ஒட்டியிருக்க வைத்ததும், 1928இல் பாட்டியாலாவில் ஒரு நிமிடத்துக்குள் அவரை வீழ்த்தியதும் அன்றைய செய்தித்தாள்களிலேயே பதிவானவை. தொடாமலே ஆளைச் சாய்ப்பேன் என்ற ஜப்பானிய ஆசான் யானகி ரியூகெனுக்கு நேர்ந்தது வேறு. தம் சீடர் அல்லாத ஒரு சண்டை வீரரை 2006இல் மேடையில் எதிர்கொண்டு, அடி வாங்கித் தோற்றார். பார்வையாலேயே ஆளை வசப்படுத்துவதாகச் சொல்லப்படும் நோக்கு வர்மம் பற்றிப் பேசுவோர் அந்தப் படப்பதிவை ஒருமுறை பார்ப்பது நல்லது.

காஞ்சிக்குப் பெருமை வேண்டுமானால் உறுதியான சான்றோடு கிடைக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் அங்கே நூறு மடங்களையும் பதினாயிரம் துறவிகளையும் பற்றி எழுதினார். நாளந்தாவின் தலைமைப் பேராசிரியராக விளங்கிய தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதும் அவர் குறிப்பே. தர்மபாலரின் யோகாசாரக் கருத்துகள் யுவான் சுவாங்கின் வழியே சீனத் தத்துவத்தில் வேரூன்றின. அவரைப் பற்றித் தமிழில் படம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயரும் தெரியாது.

யாங் ஷுவான்ஜியின் காட்சி, தான்லினின் முன்னுரை, தாவ்ஷுவானின் குறிப்பு மூன்றும் சேர்ந்தும் சில பக்கங்களுக்கு மேல் போகாது. சீனம் அறிந்த தமிழறிஞர்கள் அவற்றை மூலத்திலிருந்தே நேராகத் தமிழாக்கித் தர வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் தமிழ் வளர்ச்சி நிறுவனங்களும் இந்தச் சிறு பணியை உடனே கையிலெடுக்கலாம்.