காரணமா, விளைவா? நல்கொண்டாவும் இணைத் தைராய்டுச் சுரப்பியின் வரலாறும்

1955ஆம் ஆண்டு, ஐதராபாத் தனி மாநிலமாக இருந்த கடைசிக் காலத்தில், ஏ. எச். சித்திக்கி என்ற மருத்துவர் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்கொண்டா மாவட்டத்தில் கிணற்று நீரிலிருந்த மிகுதியான ஃபுளோரைடு மக்களின் எலும்புகளை எவ்வாறு பாதித்தது என்பதே அதன் பொருள். முதுகெலும்பு விறைத்துப் போனவர்களும் குனியவோ நிமிரவோ இயலாதவர்களும் அங்கு இருந்தனர். இந்நோய் இந்தியாவுக்குப் புதிதன்று. 1937இலேயே ஷார்ட் முதலானோர் சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இதனைப் பதிவு செய்திருந்தனர். நல்கொண்டாவின் எலும்பு நோய் பின்னாளில் மருத்துவ வரலாற்றின் பழைய கேள்வி ஒன்றை மீண்டும் எழுப்பியது: சுரப்பி மிகையாகச் சுரக்கும்போது, அது நோயின் காரணமா, விளைவா?

கழுத்தில் தைராய்டின் பின்புறம் அரிசிமணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்தாய்ந்த ரிச்சர்ட் ஓவன்தான் 1850இல் இவற்றை முதன்முதலில் விவரித்தார். மனித உடலில் 1880இல் கண்டறிந்து பெயரிட்டவர் ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். 'தைராய்டின் அருகிலுள்ளது' என்பதே அப்பெயரின் பொருள். தமிழில் வழங்கும் 'இணைத் தைராய்டு' என்ற கலைச்சொல்லும் அதையே பின்பற்றுகிறது. பெயர் இருப்பிடத்தைச் சுட்டுகிறதேயன்றித் தொழிலைச் சுட்டவில்லை. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பதே இவற்றின் பணி. கால்சியம் குறைந்தால் இவை சுரக்கும் ஹார்மோன் எலும்பிலிருந்து அதனை விடுவிக்கும். சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும். வைட்டமின் டி வாயிலாகக் குடல் அதனைக் கூடுதலாக உறிஞ்சச் செய்யும்.

எலும்பு நலிந்தவர்களிடம் இச்சுரப்பிகள் பெருத்திருப்பதை வியன்னாவின் ஜேக்கப் எர்ட்ஹைம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்தார். எலும்பு நலிவை ஈடுசெய்யவே சுரப்பி பெருக்கிறது என்பது அவர் முடிவு. அதே நகரில் 1925இல் ஆல்பர்ட் யானே என்ற டிராம் ஊழியர் எலும்பு முறிவோடு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் மாண்டலிடம் வந்தார். எர்ட்ஹைமின் கருத்தை நம்பிய மாண்டல், விபத்தில் இறந்த ஒருவரின் இணைத் தைராய்டுத் திசுவை யானேவின் உடலில் பதித்தார். பயனில்லை. பின்னர்க் கழுத்தைத் திறந்து பார்த்தபோது கட்டி ஒன்று தென்பட்டது. அதை அகற்றியபின் சிறுநீரில் வெளியேறிய கால்சியம் குறைந்தது, வலியும் தணிந்தது. இங்குச் சுரப்பியே காரணம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. சில ஆண்டுகளில் நோய் திரும்பியதால் யானே இறுதியில் உயிர் பிழைக்கவில்லை.

எனினும் எர்ட்ஹைம் முற்றிலும் பிழைபட்டவர் அல்லர். அதற்குச் சான்று தெலங்கானாவின் கிராமங்களில் கிடைத்தது. 1958இல் குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வகம், 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் இயக்குநராயிருந்த காலத்தில், 1973இல், கே. ஏ. வி. ஆர். கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 'லான்செட்' இதழில் ஒரு புதிய தோற்றத்தை விவரித்தனர். ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் வளரிளம் பருவத்தினரின் முழங்கால்கள் உள்வளைந்து ஒன்றோடொன்று முட்டின. எலும்புகள் அடர்த்தி இழந்திருந்தன. அதே ஆண்டில் மீரட்டின் தியோத்தியா இணையர், ஃபுளோரைடு நோயாளரிடம் இணைத் தைராய்டு மிகையாகச் சுரப்பதை எடுத்துரைத்தனர். அமெரிக்காவில் பெர்சனும் யாலோவும் அவர்தம் குழுவினரும் 1963இல் உருவாக்கிய கதிரியக்கத் தடுப்பாற்றல் அளவீட்டு முறையால், இந்த ஹார்மோனை இரத்தத்திலேயே அளப்பது அதற்குள் இயல்வதாகியிருந்தது. ஐதராபாத்தின் சிவகுமாரும் கிருஷ்ணமாச்சாரியும் முழங்கால் முட்டும் நோயாளரிடம் அதனை அளந்து, 1976இல் உயர்வைப் பதிவு செய்தனர்.

இதன் பொறிமுறை எர்ட்ஹைம் கூறியதற்கு நெருக்கமானது. ஃபுளோரைடு எலும்பின் கனிமத்தில் படிந்து, புதிய எலும்பு உருவாவதைத் தூண்டுகிறது. அதற்குக் கால்சியம் தேவை. உணவிலோ கால்சியம் குறைவு. இரத்தத்தில் அதன் அளவு சரியத் தொடங்கும்போது சுரப்பி இடையறாது உழைத்து அதை நிலைநிறுத்துகிறது. விலை கொடுப்பது எலும்பு. சுரப்பி இங்கே நோயை உண்டாக்கவில்லை, குறையை நிரப்ப முயல்கிறது. எனவே இதற்குரிய மருத்துவம் கத்தியன்று: தூய நீரும் கால்சியமும் வைட்டமின் டியும்தான்.

முதன்மை நோயில் நிலைமை நேர்மாறானது. பெரும்பாலும் ஒரு சுரப்பியில் தோன்றும் தீங்கற்ற கட்டி, கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் சுரந்துகொண்டேயிருக்கும். இரத்தத்தில் கால்சியம் உயரும். சிறுநீரகக் கல், எலும்பு வலி, மலச்சிக்கல், மிகுதாகம், சோர்வு, மனத்தளர்ச்சி என அறிகுறிகள் பல துறைகளில் சிதறிக் கிடப்பதால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மருத்துவரிடம் போய்ச் சேரும். இரத்தப் பரிசோதனை தானியங்கிக் கருவிகளுக்கு மாறிய 1970களுக்குப் பின் மேலை நாடுகளில் அறிகுறி தோன்றுமுன்பே இந்நோய் பிடிபட்டது. இந்தியாவில் நெடுங்காலம் எலும்பு முறிந்த பின்னரே தெரியவந்தது. வைட்டமின் டி பற்றாக்குறை இங்குப் பரவலாயிருப்பது இன்னொரு சிக்கல்: அது எலும்புச் சேதத்தைக் கூட்டுவதோடு, கால்சியத்தின் உயர்வை மறைத்தும்விடும்.

ஆகவே கால்சியத்தையும் ஹார்மோனையும் ஒருங்கே அளந்து, வைட்டமின் டியையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சேர்த்துப் பார்ப்பதே நோயறிதலின் அடிப்படை. இரண்டும் உயர்ந்திருந்தால் சுரப்பியின்மீது ஐயம் விழும். கால்சியம் குறைந்தோ இயல்பாகவோ இருந்து ஹார்மோன் மட்டும் உயர்ந்திருந்தால், சுரப்பியைத் தூண்டுவது எது எனத் தேட வேண்டும். முதன்மை நோய்க்கு அறுவையே நிலைத்த தீர்வு. அறுவைக்குப் பின் பசித்த எலும்பு கால்சியத்தை விரைந்து உறிஞ்சுவதால் இரத்தத்தில் அது திடீரெனச் சரியக்கூடும். அந்நாட்களில் கண்காணிப்பு இன்றியமையாதது. வேறுபாட்டை உணராமல் முதன்மை நோயாளியைக் கால்சிய மாத்திரையோடு அனுப்புவதும், நல்கொண்டாக்காரரின் கழுத்தில் கத்தி வைப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடை நீக்கும் முறையை உருவாக்கி, அதற்கு 'நல்கொண்டா முறை' என்றே பெயரிட்டது. தெலங்கானா அரசு 2016இல் தொடங்கிவைத்த மிஷன் பகீரதா, நிலத்தடி நீருக்கு மாற்றாக ஆற்று நீரைக் குழாய்வழி கொண்டுவந்தது. ஆயினும் வளைந்த எலும்பைக் குழாய் நீர் நிமிர்த்தாது. வளரும் வயதில் அந்நீரைக் குடித்தவர்கள் இன்று முதுமையை எட்டுகின்றனர். மூட்டுவலியோடு ஐதராபாத்தின் மருத்துவமனைக்கு வரும் அவர்களிடம், எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று கேட்பதும் நோயறிதலின் ஒரு பகுதியே.