சீர்த்தட்டும் இணையப் பட்டியலும்

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்துக்குத் தாய்மாமன் சீர் வருகிறதென்றால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். மேளம் முன்னே, தாம்பாளங்கள் பின்னே. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதே வரிசையை அரசுப் பள்ளிக்கும் எடுக்கிறார்கள். கல்விச் சீர் என்று பெயர். நாற்காலி, பீரோ, சுவர்க்கடிகாரம், எவர்சில்வர் குடம், தட்டு நிறைய நோட்டும் பென்சிலும். காமராஜர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் ஊர்மக்கள் இப்படித்தான் அள்ளிக் கொடுத்தார்கள்.

இன்னொரு வழி இணையம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000-இல், பள்ளித் தேவைகளுக்கு நன்கொடை திரட்டும் டோனர்ஸ்சூஸ் தளத்தைத் தொடங்கினார். அம்மா செய்த பேரிக்காய் இனிப்பைக் கொடுத்துத்தான் சக ஆசிரியர்களை அதில் தேவைகளை எழுத வைத்தார். முதலில் வந்த கோரிக்கைகளுக்குப் பெயர் சொல்லாமல் தானே பணம் கட்டினார். இதே வழியில் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. எங்கிருந்தாலும், பிடித்த பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம்.

கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி இரண்டுக்கும் உண்டு. சீரில் ஊர்க் கண்ணே கணக்கு. டோனர்ஸ்சூஸ் ஆசிரியர் கையில் பணம் தருவதில்லை. பொருளை வாங்கி நேரே பள்ளிக்கு அனுப்பிவிடுகிறது.

சீருக்குள்ள பெரிய பலம் அந்தச் சொல்தான். நன்கொடை கேட்க ஆசிரியருக்குக் கூச்சம் வரும். சீர் என்றால் அது பிள்ளைக்கு உரிமை, கொடுப்பவருக்குக் கௌரவம். எந்த இணையதளமும் இதைத் தந்துவிட முடியாது.

ஆனால் சீர்த்தட்டில் ஏறுவது கண்ணுக்கு எடுப்பான பொருள். பிரிண்டர் மை, ஆய்வகத்து அமிலம், கிழிந்த வரைபடத்துக்கு மாற்று, மாணவிகளுக்கு நாப்கின் இவற்றை யாரும் மேளத்தோடு கொண்டுவருவதில்லை. பள்ளியில் மாதாமாதம் தீர்ந்துபோவதும் இவைதான். இணையப் பட்டியலில் இவற்றைப் பெயர் சொல்லி, எண்ணிக்கை போட்டுக் கேட்கலாம். இன்னொன்றும் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் சூளையிலோ கரும்புக் காட்டிலோ அன்றாடக் கூலிக்குப் போகும் பெற்றோர் நிறைந்த ஊர் எத்தனை தட்டு தூக்க முடியும்? அங்கே வெளியூர்ப் பணம் வந்துதான் ஆக வேண்டும். இந்த இரண்டு காரணங்களால், அன்றாடத் தேவைக்கு இணையமே மேல் என்பேன். அதற்காகச் சீரை நிறுத்திவிடக் கூடாது. பள்ளி நம்முடையது என்று ஊர் சொல்லும் நாள் அது.

கருவேப்பிலங்குறிச்சியில் படித்துவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களே, இந்த வாரம் உங்கள் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போடுங்கள். என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள்; கூச்சத்தில் ஒன்றும் வேண்டாம் என்பார். என்ன தீர்ந்துபோயிருக்கிறது என்று கேளுங்கள்.