மூன்றாம் கட்டமும் பெண்கள் பெட்டியும்: மேற்கிந்தியச் சட்டத்தில் திருநங்கையர் நிலை, 1852–2023

மும்பைத் திருநங்கையர் பற்றி எழுத வருகிறவர்கள் செரீனா நந்தாவைத் தொடாமல் நகர முடிவதில்லை. அமெரிக்க மானிடவியலாளரான அவர் 1980களில் பம்பாயிலும் தென்னிந்திய நகரம் ஒன்றிலும் ஹிஜ்ராக்களிடையே களப்பணி செய்தார். 1990இல் வெளிவந்த அவர் நூலின் தலைப்பே இவர்கள் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர் என்று அறிவித்துவிடுகிறது. அர்த்தநாரீசுவரர், பிருகன்னளையாக மறைந்திருந்த அர்ச்சுனன், குஜராத்தின் பகுசரா மாதா என்று ஒரு வரிசையை அவர் அமைக்கிறார். இந்து மரபு மூன்றாம் பாலுக்கென்று சடங்குசார்ந்த ஓர் இடத்தை வைத்திருந்தது, ஹிஜ்ரா அந்த இடத்தில் நிற்பவர் என்பது அவருடைய வாசிப்பு. தமிழில் பின்னர் வந்த கட்டுரைகள் பலவும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டன. இக்கட்டுரை அதை மறுக்கிறது.

நந்தாவின் களப்பணியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. லஷ்கர்வாலா, பூனாவாலா, பெண்டி பஜார் என்று ஏழு வீடுகளாகப் பிரிந்த பம்பாய் ஹிஜ்ரா அமைப்பை அவர் அளவுக்குப் பொறுமையாக அதற்கு முன் எவரும் விவரிக்கவில்லை. சிக்கல் அவர் திரட்டிய சான்றில் இல்லை, அதன் மேல் அவர் கட்டிய முடிவில்தான் இருக்கிறது. நூலில் நான்கு பேரின் வாழ்க்கை விரிவாக வருகிறது. அவர்களில் ஒருவருக்கு அவர் சுசீலா என்று பெயரிட்டிருக்கிறார். சுசீலா தன்னோடு கணவனாக வாழ்ந்தவனைப் பிற்பாடு மகனாகத் தத்தெடுக்கிறார். அவனுக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்து மாமியாராகிறார், பிறகு பாட்டியும் ஆகிறார். மனைவி, தாய், மாமியார், பாட்டி என்ற இந்த நான்கு படிகளில் ஒன்றுகூட மூன்றாம் பாலுக்குரிய படி அன்று. நம் ஊர்ப் பெண் ஒருத்திக்குக் குடும்பத்துக்குள் மரியாதை ஏறும் அதே வரிசைதான் இது. நந்தா இதைப் பதிவு செய்கிறார், வியக்கவும் செய்கிறார். ஆனால் தலைப்பில் சொன்ன முடிவை இதன் முன் வைத்து ஒரு முறைகூட உரசிப் பார்க்கவில்லை. ஐதராபாத்தை வைத்து 2005இல் எழுதிய காயத்ரி ரெட்டி, மூன்றாம் பால் என்ற ஒரே கண்ணாடி வழியாகப் பார்ப்பது போதாது, மானம், உறவு, மதம், வர்க்கம் எல்லாம் சேர்ந்ததே ஹிஜ்ரா வாழ்க்கை என்றார். அந்தத் திருத்தம் சரியானதே. இருந்தாலும், ‘நான் பெண்’ என்று அவர்களில் பலர் நேராகச் சொன்னதை அதுவும் மையத்தில் வைக்கவில்லை.

தமிழில் சான்று இன்னும் வெளிப்படையாகக் கிடைக்கிறது. ரேவதியின் ‘வெள்ளை மொழி’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ ஆகிய இரண்டும் தன்வரலாறுகள். இருவரும் பெண்ணாக வாழ்வதற்காக வடக்கே போனவர்கள். ரேவதி தில்லிக்கும் மும்பைக்கும், வித்யா புனேக்கும். ஊரில் புடவை கட்ட முடியாது, அங்கே போனால் குரு கிடைப்பார், கடை கேட்டுப் பிழைக்கலாம், காசு சேர்த்து நிர்வாணம் எனப்படும் ஆணுறுப்பு நீக்க அறுவையைச் செய்துகொள்ளலாம் என்பதே வண்டியேறியதற்குக் காரணம். சேலா (சீடர்), குரு, நானி (குருவின் குரு) என்ற அமைப்புக்குள் போனது அதற்கான வழி. நந்தா அந்த வழியையே இலக்காக எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது என் வாதம். தமிழ்த் திருநங்கையர் எந்தப் பத்தாண்டில் பம்பாய்க்கு வரத் தொடங்கினார்கள் என்பதை உறுதியாக நிறுத்த முடியவில்லை. தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆள் வந்த பாதையில்தான் இவர்களும் வந்திருக்க வேண்டும் என்ற ஊகம் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அது ஊகம் என்ற அளவில்தான் நிற்கிறது.

இனி சட்டம். காலனிய அரசு ஹிஜ்ராக்களைக் குற்றவாளிகளாக்கியது என்றதும் எல்லோரும் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டத்தைக் காட்டுவார்கள். அதன் இரண்டாம் பகுதி ‘அலிகள்’ பற்றியது. பதிவேட்டில் ஏறியவர் பெண் உடையில் பொது இடத்தில் தோன்றினால் தண்டனை. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவனை வீட்டில் வைத்திருந்தால் தண்டனை. அவர் தத்தெடுக்க முடியாது, உயில் எழுத முடியாது, எவருக்கும் காப்பாளராக இருக்க முடியாது. ஆனால் இந்தப் பகுதி தொடக்கத்தில் வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப், அவுத் ஆகியவற்றுக்கே உரியதாக இருந்தது. பம்பாய் மாகாணம் அதில் இல்லை, சென்னை மாகாணமும் இல்லை. மும்பையின் கதையை 1871இலிருந்து தொடங்குவது ஆகவே பிழை.

அது தொடங்க வேண்டிய இடம் 1852. அவ்வாண்டின் பதினோராம் சட்டம், மராத்தியர் ஆட்சியில் வழங்கப்பட்ட இனாம்களை விசாரித்து எதை வைத்துக்கொள்வது, எதைப் பறிப்பது என்று தீர்மானிக்க வந்தது. அதன் பின்னிணைப்பு விதிகளுக்குள் ஒரு வாசகம் ஒதுங்கிக் கிடக்கிறது. மானியத்தோடு ஒட்டிய நிபந்தனையை நிறைவேற்றுவது நாட்டின் சட்டத்தையோ பொது ஒழுக்கத்தையோ மீறுவதாக இருந்தால் அந்த மானியம் தொடராது என்பது அதன் சாரம். ஹிஜ்ரா என்ற பெயர் அதில் இல்லை. லாரன்ஸ் பிரெஸ்டன் 1987இல் எழுதிய கட்டுரையில் தக்காண ஹிஜ்ராக்கள் மராத்தியர் காலத்தில் நிலமும், ஊராரிடம் சிறு வரவு பெறும் பரம்பரை உரிமையும் வைத்திருந்ததையும், பம்பாய் அரசு அவற்றைத் தொடர மறுத்ததையும் ஆவணங்களிலிருந்து காட்டினார். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: அந்த உரிமை குருவிடமிருந்து சேலாவுக்கு இறங்கியது. இறங்குவதற்கு எந்த மருத்துவரும் சேலாவின் உடலைப் பார்த்துச் சான்று தரத் தேவையிருக்கவில்லை. ஜமாத்தின், அதாவது ஹிஜ்ரா சமூகக் கூட்டத்தின், சொல்லே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். கிடைத்திருக்கும் ஆவணங்கள் குறைவு. எல்லாமே உரிமையைப் பறிக்க வந்த அதிகாரிகள் எழுதியவை. இருந்தும் அவற்றில் அதிகாரிகள் தொடுத்த கேள்வி மானியம் ஒழுக்கமானதா என்பதே. இவர் உண்மையில் யார் என்ற ஐயம் அங்கே எழவில்லை. அடையாளம் பற்றிய சொல் அப்போது சமூகத்தின் கையில் இருந்தது.

அதை அங்கிருந்து பிடுங்கியது 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்து நான்காம் பிரிவு. ‘அலி’ என்பதற்கு அது தரும் வரையறையை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆண்பாலினராக இருந்து, ஆண்மையற்றவர் என்று தாமே ஒப்புக்கொள்கிறவரும், மருத்துவச் சோதனையில் அப்படித் தெளிவாகத் தெரிகிறவரும் அதில் அடங்குவர். தன் வாய்ச்சொல், மருத்துவரின் கண் என்று இரண்டே வாசல்கள். பம்பாய்க்கு இச்சட்டம் வரவில்லை என்றேன். ஆனால் இந்த இரண்டு வாசல்களும் வந்துவிட்டன. நூற்றைம்பது ஆண்டுகளாக நம் சட்டம் இவற்றுக்கு நடுவேதான் அலைந்துகொண்டிருக்கிறது. மூன்றாம் பாலா, இரண்டாம் பாலா என்ற நந்தாவின் சட்டகம் இந்த அலைச்சலை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் ஏ.கே.சிக்ரியும் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கில் தந்த நால்சா தீர்ப்பில் இரண்டு பார்வைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதல் உத்தரவு ஹிஜ்ராக்களை மூன்றாம் பாலினமாகக் கருதச் சொல்கிறது. அடுத்த உத்தரவு ஆண், பெண், மூன்றாம் பாலினம் எதுவானாலும் தம் பாலினத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமையை உறுதி செய்கிறது; அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றும் தீர்ப்பு சொல்கிறது. முதல் உத்தரவில் நந்தா இருக்கிறார், இரண்டாவதில் ரேவதியும் வித்யாவும் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் முதலாவதன் பக்கமே சாய்ந்தது. தன் சொல்லை வைத்து மாவட்ட ஆட்சியரிடம் ‘திருநர்’ என்ற சான்று வாங்கலாம் என்றது. ‘பெண்’ என்ற சான்று வேண்டுமானால் அறுவை செய்து மருத்துவ அதிகாரியின் கடிதத்தோடு வர வேண்டும் என்றது. மூன்றாம் கட்டத்துக்குத் தன் வாய், பெண் கட்டத்துக்கு மருத்துவர் என்று 1871இன் இரண்டு வாசல்களையும் அது பங்கு பிரித்துக் கொடுத்தது.

மூன்றாம் கட்டத்துக்குள் நிற்பதற்கு ஒரு விலையும் உண்டு. அதே 2019ஆம் ஆண்டுச் சட்டம் திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு வைத்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. பெண்ணை வல்லுறவு செய்தால் 2018 முதல் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. 2013இல் வர்மா குழுவுக்குப் பிறகு வல்லுறவுச் சட்டத்தைத் திருத்தியபோது, குற்றவாளி ஆண் என்பது மாறக்கூடாது, பாதிக்கப்பட்டவர் யாராகவும் இருக்கலாம் என்று பெண்கள் அமைப்புகள் பலவும் கேட்டன. இறுதியில் வந்த சட்டம் பாதிக்கப்பட்டவரைப் பெண் என்று மட்டுமே நிறுத்தியது. காவல் நிலைய வல்லுறவு பற்றிய மதுரா வழக்குத் தீர்ப்பின் அதிர்ச்சியில் 1980இல் பம்பாயில் உருவான பெண்கள் மன்றத்திலிருந்து தொடர்ந்து வரும் ஓர் இயக்கம், தன் கோரிக்கையில் திருநங்கையரையும் சேர்த்துக்கொண்டது நன்றியோடு பதிவு செய்ய வேண்டிய செய்தி.

பெண்களின் இடம் பெண்ணாய்ப் பிறந்தவர்களுக்கே என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்நாட்டுச் சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பால் பெண் என்று தீர்ப்பளித்தபின் அந்தக் குரல் இங்கும் வலுத்திருக்கிறது. அதை ஒதுக்கித் தள்ளக்கூடாது. பிறந்த நாள் முதல் பெண்ணென்று நசுக்கப்பட்டவளுக்காக வந்த ஏற்பாடுகள் இவை. ஆனால் வாசலில் மருத்துவரை நிறுத்தினால் முதலில் அடிபடுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சவுந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினச் சோதனையில் இழந்தார். அவர் பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். மருத்துவச் சோதனையைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கப்பட்ட பெண் காவலர் ஒருவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நால்சா வந்த அதே 2014 ஏப்ரலில்தான். சோதனை மேசை திருநங்கையை மட்டும் பிரித்துக் காட்டும் என்பது வெறும் நம்பிக்கை.

மத்தியப் பிரதேசத்தின் கட்னியில் பெண்களுக்கான மேயர் பதவிக்குத் தேர்வான கமலா ஜான், ஹிஜ்ராக்கள் சட்டப்படி ஆண்கள் என்ற காரணத்தால் 2003இல் பதவி இழந்தார். 2021 ஜனவரி 2 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு நேரெதிராகப் போனது. ஜல்காவ் மாவட்டம் பாட்லி புத்ருக் கிராமத்தில் பெண்களுக்கான வார்டில் திருநங்கை ஒருவர் தாக்கல் செய்த வேட்புமனுவைத் தேர்தல் அலுவலர் நிராகரித்திருந்தார். நீதிபதி ரவீந்திர கூகே அதை ஏற்கச் சொன்னார். தன்னைப் பெண் என்று அவர் சொன்னதையே அடிப்படையாகக் கொண்டார். இனி ஆணாக மாற மாட்டேன் என்ற உறுதியையும் பதிவு செய்தார். அந்த உறுதிமொழி எனக்கு உறுத்துகிறது. பெண்ணாய்ப் பிறந்த வேட்பாளர் எவரிடமும் கேட்காத ஒன்று அது. 2023 மார்ச்சில் அதே உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அமித் போர்க்கர், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் திருநங்கையும் பாதிக்கப்பட்ட பெண்ணே என்றார். அவர் ஊன்றி நின்றது அறுவை சிகிச்சையின் மேல். தமிழ்நாட்டில் மதுரை அமர்வின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் இந்து திருமணச் சட்டத்தின் ‘மணப்பெண்’ திருநங்கையையும் உள்ளடக்கும் என்றபோது அறுவையைக் கேட்கவில்லை. 2021இல் அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குத் தந்த கட்டணமில்லாப் பயணத்தைத் திருநங்கையருக்கும் நீட்டியது. நடத்துநர் எவரையும் மருத்துவரிடம் அனுப்பவில்லை.

மும்பையில் இந்தக் கேள்வி தினமும் எழும் இடம் லோக்கல் வண்டியின் லேடீஸ் டப்பா. ரயில்வே சட்டம் 1989இன் 162ஆம் பிரிவு பெண்கள் பெட்டியில் ஆண் ஏறினால் தண்டனை என்கிறது. 144ஆம் பிரிவு வண்டியில் பிச்சை கேட்பதைத் தடை செய்கிறது. மாட்டுங்காவுக்கும் சயனுக்கும் இடையே பெண்களிடம் கைதட்டிக் காசு கேட்கும் தமிழ்த் திருநங்கையை நிலையத்தில் இறக்கினால் எந்தப் பிரிவு பாய வேண்டும்? 162ஐ எடுத்தால் அவரை ஆண் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். 144 அந்தக் கேள்விக்குள் போகாமலே வேலையை முடித்துவிடும். 1852இன் வாசகமும் இப்படித்தான் வேலை செய்தது. அவர் யார் என்பதைத் தொடாமல், அவர் பிழைப்பைச் சட்டவிரோதமாக்கியது. பிச்சைத் தடைக்கான 1959ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். மராத்தியர் ஆட்சி உரிமையாக ஏற்றிருந்த வரவு இப்படிக் குற்றத்தில் வந்து முடிந்தது.

2011 கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘பிறர்’ கட்டத்தில் மகாராட்டிரத்தில் 40,891 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் பதிவாயினர். பெண் கட்டத்தில் தம்மைப் பதிந்துகொண்ட திருநங்கையர் இந்த எண்களுக்குள் வரமாட்டார்கள். அவர்கள் பெண்களின் எண்ணிக்கைக்குள் போய்விட்டார்கள். திருநங்கையர் இவ்வளவு பேர் என்று இந்த எண்களை எடுத்தாளும் ஆய்வாளர்கள் மூன்றாம் கட்டத்தில் விழுந்தவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள். நந்தாவின் தலைப்பு இன்னும் அவர்கள் கணக்கை நடத்திக்கொண்டிருக்கிறது. ஜல்காவ் உத்தரவையும் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் ஒரே அமர்வு பக்கத்தில் வைத்துப் படிக்கும் நாள் வரை, ஒரே உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் தேர்தல் வேட்புமனுவில் திருநங்கையின் சொல்லும், குடும்ப வன்முறை வழக்கில் அறுவைச் சான்றும் கேட்கப்படும்.