ஊசிக்குத்துக் காயமும் எச்.ஐ.வி. தடுப்பும்

மருத்துவப் பணியாளர்களுக்குப் பணியிடத்தில் எச்.ஐ.வி. தொற்றும் முக்கிய வழி, நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்துவது. தொற்றுள்ள இரத்தம் படிந்த ஊசி குத்தினால் பரவும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு, கண்ணிலோ வாயிலோ இரத்தம் தெறித்தால் சுமார் 0.09 விழுக்காடு. தொடுவதாலும் வியர்வையாலும் பரவாது. நோயாளியை ஒதுக்கி வைக்க மருத்துவக் காரணம் எதுவுமில்லை. யாருக்குத் தொற்று உண்டு என்பது முகம் பார்த்துத் தெரியாது என்பதால், எல்லோருடைய இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும்.

பல விபத்துகள் ஊசி போட்ட பிறகே நேர்கின்றன. ஒரு கையில் மூடியைப் பிடித்து மறுகையால் ஊசியை அதில் செருகும்போது நுனி நழுவி விரலில் ஏறிவிடும். ஊசியை மூடாமல், ஊசிவெட்டியில் வெட்டி, துளைபடாத வெள்ளைப் பெட்டியில் போடுவதே முறை.

குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்திற்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாள் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். இந்தியாவில் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்த்துத் தரப்படுகின்றன. துப்புரவுப் பணியாளர்களுக்கும் இந்த மருந்தைப் பெறும் உரிமை உண்டு. அவர்களே பெரும்பாலும் மறக்கப்படுகிறார்கள். பாதுகாப்புச் சாதனங்களையும் தடுப்பு மருந்தையும் வழங்குவது மருத்துவ நிறுவனத்தின் கடமை என்கிறது எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2017.